கன்னியர் பாதையும் கிறிஸ்துமஸ் வாத்தும்

சால்ஸ்பரி
14 ஏப்ரல் 1993

என் தங்கை அவ்ரிலுக்கு,

தெல்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர என் உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் நெவிலுக்கு இருமல் விட்டதா, இல்லை இன்னும் அந்தப் பைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லையா?

கோவன்ட்ரி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பியாயிற்று. காரணத்தை நேரில் சொன்னால் நீ அழுவாய், எனக்குக் கோபம் வரும். அதனால் எழுதிவிடுகிறேன். என் வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணும் ஓரிரு வருஷத்தில் அப்படியே ஆகிவிடுமாம். "ஓரமாக் கொஞ்சம் தெரியும் மிஸஸ் ஹாப்கின்சன், நடுவுலதான் தெரியாது" என்று டாக்டர் ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னார். நடுவில்தானே ஐயா மனுஷனுக்கு முகம் இருக்கிறது!

முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தேன். இந்த நாட்டை நான் பார்த்ததெல்லாம் காலண்டர் படத்தில்தான். மிச்சமிருக்கிற பார்வையை டெலிவிஷனில் செலவழிக்க மாட்டேன். பஸ் பாஸ் வாங்கிவிட்டேன். தெற்கிலிருந்து வடக்கே போகப்போகிறேன்.

நேற்று இங்கே பக்கத்தில் ஒரு பழைய கல்வட்டத்துக்குப் போனேன். சுற்றிலும் கயிறு. "தொட்டுப் பாக்கலாமாப்பா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றேன். "அப்படின்னா பாத்து வாங்கம்மா, கயிறு தடுக்கிடப் போகுது" என்றான் காவல்காரன். அந்தக் கயிற்றாலேயே அவனை ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

சுற்றி முடித்துக் கடைசியாக நம் ரேவன்பெக்குக்கு வருகிறேன். பெரிய ரோட்டில் இறங்கி, கன்னியர் பாதை வழியாக, பள்ளிக்கூடம் விட்டு நாம் வருவோமே அப்படியே, தனியாக நடந்து உன் சமையலறைக் கதவைத் தட்டுவேன். யாரும் எதிரே வர வேண்டாம். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நெவில் வேலை பார்த்த எஸ்டேட்டிலிருந்து வாத்து வருமல்லவா? வழக்கம்போல் ஒரு கால் எனக்கு.

அடுத்து வெல்ஸ் ஊருக்குப் போகிறேன். தங்கும் விடுதி விலாசம் பின்பக்கத்தில்.

அன்புடன்,
தெல்மா


ரேவன்பெக்
2 மே 1993

தெல்மா அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது, அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள். ராத்திரியில் படிக்காதே. என் இடுப்பு இருக்கிறபடி இருக்கிறது. நெவில் இருமுகிறார், பைப்பும் பிடிக்கிறார்.

இங்கே மழை. ஆட்டுக்குட்டிகள் இந்த வருஷம் பரவாயில்லை. கொல்லையில் ருபார்ப் செடி முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கிறது, ஜாம் போடப் போகிறேன்.

பழைய முதலாளி சர் காட்ஃப்ரி காலமானதிலிருந்து மாளிகை விலைக்கு நின்றதல்லவா, லண்டனிலிருந்து கார்ஸ்டேர்ஸ் என்று ஒருவர் வாங்கிவிட்டார். எஸ்டேட்டோடு நாங்கள் இருக்கும் வீடும் அவருக்குப் போய்விட்டது. நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறது, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார். கன்னியர் பாதையில் மடத்துச் சுவர் முடிகிற இடத்தில் மரக்கதவு இருக்கிறதே, அதில் சங்கிலி போட்டுத் தனியார் வழி என்று பலகை மாட்டியிருக்கிறார். நீ பெரிய ரோடு வழியாகவே வந்துவிடலாம் அக்கா. லாரி கொஞ்சம் அதிகம், மற்றபடி ஒன்றுமில்லை.

பாதிரியார் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அவ்ரில்


வெல்ஸ்
6 மே 1993

அவ்ரில்,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்த நிமிஷத்திலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பூனை நாலு குட்டி போட்டதையும் கன்னியர் பாதையில் சங்கிலி போட்டதையும் ஒரே மூச்சில் எழுத உன்னால்தான் முடியும்!

யார் அந்த கார்ஸ்டேர்ஸ்? எங்கிருந்து வந்தான்? அவனுடைய அப்பன் பாட்டன் யாராவது அந்தப் பாதையில் ஒரு நாள் செருப்புத் தேய நடந்திருப்பானா? மடத்தில் கன்னியர் இருந்த காலத்திலிருந்து ஊர் நடக்கிற வழி அது. நம் அம்மா பால் வாளியோடு நடந்தாள். எனக்கு முதல் முத்தம் கிடைத்ததே அந்த மரக்கதவில் சாய்ந்துதான். கொடுத்தது யார் என்று உனக்குத் தெரியும், அவர் பெயரை எழுத வேண்டாம், இப்போது பாதிரியார்!

கேள் அவ்ரில். இங்கே நான் பணம் கொடுத்துப் பார்க்கிறதெல்லாம் யாருடைய சொத்து? பெரிய வீடுகளுக்குள் விடுகிறார்கள். உட்காரக் கூடாது என்று நாற்காலிக்கு நாற்காலி முட்செடிப் பூவை வைத்திருக்கிறார்கள். இதுதான் நம் பாரம்பரியம் என்று டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறது. என்னுடைய பாரம்பரியம் என்றால் உட்கார எனக்கு ஒரு நாற்காலி வேண்டாமா? இந்த நாட்டில் யார் அனுமதியும் கேட்காமல் நான் நடந்த ஒரே நிலம் அந்தப் பாதைதான்.

இன்னொன்று. நான் இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். அந்தப் பாதைக்கு எனக்குக் கண் வேண்டாம். கல்படி ஏறினால் இடது கையில் மடத்துச் சுவர். சுவர் முடிந்தால் மரக்கதவு. கதவைத் தாண்டினால் காட்டுப்பூண்டு வாசனை. வாசனை தீர்ந்தால் ஆற்றுச் சத்தம். சத்தம் வலது காதுக்கு வந்தால் உன் கொல்லை. பார்வை முழுக்கப் போனபிறகும் யார் கையையும் பிடிக்காமல் நான் நடக்கக்கூடிய இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதில் சங்கிலியாம்!

ஊரைக் கூட்டு. கவுன்சிலுக்கு எழுது. முதல் கையெழுத்து நெவிலுடையதாக இருக்கட்டும். நாற்பது வருஷம் அந்த எஸ்டேட்டில் வேட்டைக் காவல் பார்த்தவர். அவர் வார்த்தைக்கு ஊரில் மதிப்பு உண்டு.

தெல்மா


ரேவன்பெக்
1 ஜூன் 1993

தெல்மா அக்காவுக்கு,

நெஞ்சு படபடப்பு நின்றதா? மறக்காமல் எழுது. இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

நீ சொல்வதற்கு முன்பே ஊர் கூடிவிட்டது. பள்ளி ஆசிரியை மிஸ் லிஸ்டர்தான் முன்னால் நிற்கிறாள். ஊர்மக்கள் இருபது வருஷம், யாரையும் கேட்காமல், இடையில் தடைப்படாமல் ஒரு வழியில் நடந்திருந்தால் அது பொதுவழி ஆகிவிடுமாம். சட்டமே அப்படித்தானாம். அக்டோபரில் ஊர்க்கூடத்தில் விசாரணை. அதிகாரி ஒருவர் வருகிறார். ஊரில் பெரும்பாலும் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நெவில் இன்னும் கொடுக்கவில்லை. கை நடுங்குகிறதாம்.

நெல்லிக்காய் இந்த வருஷம் சரியாக இல்லை.

அவ்ரில்


லட்லோ
9 ஜூன் 1993

அவ்ரில்,

நெஞ்சு பரவாயில்லை, கோபம்தான் குறையவில்லை. கை நடுங்குகிறதா? துப்பாக்கி பிடித்துப் பறக்கிற பறவையை வீழ்த்துகிற கை ஒரு பேனாவுக்கு நடுங்குமா? என்னிடம் கதை விடாதே.

நேற்று கோட்டை மேல் ஏறினேன். கீழே ஆறும் வயலும் பச்சை பச்சையாகக் கிடந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. பார்வையின் நடுவில் மட்டும் ஒரு அழுக்குத் துணி தொங்குகிறது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை "அம்மா, அந்தப் பாட்டி கோழி மாதிரி பாக்குறாங்க" என்றது. அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. உன் புருஷன் மேல்தான் வருகிறது.

புது முதலாளியைப் பகைக்கப் பயமா? வீட்டுக்குப் பயமா? நீ சாகும்வரை இருந்துகொள் என்று சர் காட்ஃப்ரி வாய்வார்த்தையாகக் கொடுத்த வீடுதானே என்று நடுங்குகிறாரா? நேராகச் சொல்லட்டும். அடுத்து பேக்வெல் போகிறேன். உடனே பதில் போடு.

தெல்மா


பேக்வெல்
20 ஜூலை 1993

அவ்ரில்,

ஆறு வாரம் ஆகிறது. உன் இடுப்பைப் பற்றிக்கூட நீ எழுதவில்லை. நானும் விசாரிக்கப் போவதில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் ஒரு பெரிய எஸ்டேட். பேர் வேண்டாம். பூங்கா நடுவே நல்ல பாதை. வாசலில் ஒரு கிழவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். டார்பிஷயர்க்காரர்கள் ஆளைப் பார்த்ததும் 'என் வாத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். நான் சும்மா வாயைக் கொடுத்தேன்.

"இது பொதுவழியாங்க?"

"இல்ல வாத்தே. ஐயா தயவுல விட்டு வெச்சிருக்காரு."

"எத்தனை வருஷமா ஜனம் நடக்குது?"

"நூறு வருஷமா நடக்குது. ஆனா பொதுவழி ஆகாது. வருஷத்துல ஒரு நாள் கதவப் பூட்டிருவோம்ல. ஒரு நாள் பூட்டினாப் போதும் வாத்தே, தடை வந்தாச்சு, கணக்கு திரும்ப முதல்லேருந்து."

"பூட்டினா ஜனம் சண்டைக்கு வராதா?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கிப் பூட்டுவோம். எல்லாரும் வீட்டுல தின்னுக்கிட்டு இருப்பாங்க, யாருக்குத் தெரியும்? காவக்காரனுக்குப் பண்டிகை கெட்டுப்போகுதேன்னு எஸ்டேட்டுலேருந்து ஒரு நல்ல வாத்து குடுத்துருவாங்க, வாத்தே."

அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்த வாத்து! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெள்ளைத் துணியில் சுற்றி எஸ்டேட்டிலிருந்து வருமே! விசுவாசத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றுதானே சொன்னாய்? ஊருடைய வழியைப் பூட்டுவதற்குக் கூலி! அதை உருளைக்கிழங்கும் ஆப்பிள் குழம்புமாக என் தட்டில் வைத்தாய். நான் எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சினேன். கூலிக்காரன் வீட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன், சீ!

உன் புருஷனிடம் சொல். பாதை போனால் என் இரண்டாவது கண்ணையும் பிடுங்கியவன் அவன்தான்.

தெல்மா


ரேவன்பெக்
26 ஜூலை 1993

தெல்மா,

உன் நலத்தை நானும் விசாரிக்கவில்லை. இவ்வளவு கத்த முடிகிறதென்றால் நன்றாகத்தான் இருக்கிறாய்.

கூலிக்காரன் என்று எழுதினாயே, அந்தக் கையில் புண் வர. நீ பத்தொன்பது வயதில் கோவன்ட்ரிக்கு ரயில் ஏறினாய். உனக்கென்று ஒரு வீடு, உனக்கென்று ஒரு கதவு. நாங்கள் அடுத்தவன் கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள். "ஆமாங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே வயதானவர்கள். கோபப்படுவதற்குக்கூட ஒரு வசதி வேண்டும் தெல்மா. அது உனக்கு இருக்கிறது.

ஆமாம், பூட்டத்தான் வாத்து கொடுத்தார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் மேனேஜர் பிக்கர்ஸ்கில் பூட்டையும் சாவியையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் மதியம் போய்ப் பூட்டு, மறுநாள் காலையில் திற என்றார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அதற்கடுத்த வருஷத்திலிருந்து நீ கிறிஸ்துமஸுக்கு இங்கேதான் வருகிறாய். மேஜையில் நெவிலுக்கு எதிரே உட்காருகிறாய். அப்போது உன் கண் நன்றாகத்தானே இருந்தது? என்றைக்காவது அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனதைப் பார்த்தாயா?

அவர் பூட்டவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. முதல் வருஷம் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வாத்து ஆறிடும், உக்காருங்க" என்றேன் நான். சாப்பிட்டு முடித்தால் டெலிவிஷனில் மகாராணியின் கிறிஸ்துமஸ் பேச்சு. மகாராணி பேசும்போது எப்படி எழுந்து போவது? பேச்சு முடிந்தால் இருட்டு. மறுவருஷம் கோட்டையே எடுக்கவில்லை. மொத்தம் இருபத்தைந்து வாத்து வாங்கித் தின்றோம்.

ஏன் எழுதவில்லை என்கிறாய். என்னத்தை எழுதுவது? ஊரே நேர்மையானவர் என்று சொல்கிற மனுஷன் இருபத்தைந்து வருஷம் ஏமாற்றி வாத்து வாங்கினார் என்றா? கார்ஸ்டேர்ஸின் வக்கீல் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். "நீங்க பூட்டுனத அங்க வந்து சொன்னாப் போதும் மிஸ்டர் ஆல்டர்சன். ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் இந்த வீடு உங்களுக்குத்தான், எழுதியே குடுத்துடறோம்" என்கிறார். பூட்டினேன் என்று சொன்னால் வீடு. இல்லை என்றால் தெரு. நெவில் பைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை.

இது தெரிந்தபிறகும் உனக்குப் பாதைதான் வேண்டுமென்றால் வந்து நீயே சாட்சி சொல். நீதான் பார்த்தவள்.

அவ்ரில்


ஹெக்ஸ்ஹம்
12 செப்டம்பர் 1993

அவ்ரில்,

ஏழு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்துப் பெரிதாக இருப்பதற்குக் கண்தான் காரணம், கத்துகிறேன் என்று நினைக்காதே.

நான் சாட்சி சொல்ல வரமாட்டேன். நெவிலைப் பூட்டினேன் என்று சொல்லிவிடச் சொல். ஆமாம், பொய்தான். சொல்லட்டும். அறுபது வயதுக்குமேல் நீ சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பாய், நான் காட்டுப்பூண்டு வாசம் பிடித்துக்கொண்டு நடந்து போவேனா? போகட்டும் அந்தப் பாதை. நாசமாய்ப் போகட்டும்.

நேற்று ரோமானியர் கட்டிய மதிலுக்குப் போனேன். காற்றானால் ஆளைத் தள்ளுகிறது. இவ்வளவு நீளத்துக்கு மதிலைக் கட்டினவன் எங்கே போனான்? இப்போது அதன் மேல் ஆடு மேய்கிறது. ஆட்டை யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஆட்டின் மேல் பொறாமையாக இருந்தது. அந்த இடத்தில் நின்று உன் கார்ஸ்டேர்ஸைத் திட்டினேன். சத்தமாக. பக்கத்தில் நின்ற தம்பதி தேநீர் குடுவையை மூடி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

கூலிக்காரன் என்று எழுதியதை எடுத்துவிடு. அவருக்கு ஏதாவது சாப்பிடக் கொடு. கோழிச் சாறு வைத்தால் குடிப்பார். அடுத்து டர்ஹாம் போகிறேன்.

தெல்மா


ரேவன்பெக்
17 அக்டோபர் 1993

தெல்மா அக்காவுக்கு,

உடம்பு எப்படி? டர்ஹாமில் குளிர் அதிகம், கம்பளி உள்ளாடையைக் கழற்றாதே. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எனக்கே தெரியவில்லை. முழுக்கப் படி.

விசாரணை முடிந்தது. ஊர்க்கூடம் நிரம்பி வழிந்தது. காலையில் கிளம்பும்போதும் சொன்னேன். "அக்காவே எழுதிட்டா, பூட்டினேன்னு சொல்லிடுங்க" என்றேன். "அவ கோவக்காரி, கோவத்துல எழுதிருக்கா" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

கார்ஸ்டேர்ஸின் வக்கீல்தான் அவரைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஆல்டர்சன், கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்தக் கதவப் பூட்டுறது உங்க பொறுப்புதானே?"

"ஆமாங்க சார்."

"அதுக்கு எஸ்டேட் வருஷா வருஷம் உங்களுக்கு வாத்து குடுத்துச்சு."

"ஆமாங்க சார். நல்ல வாத்து."

"ஆக, நீங்க பூட்டினீங்க."

"இல்லீங்க சார்."

வக்கீல் காதில் விழாத மாதிரி மறுபடி கேட்டார். நெவில் கோட்டுப் பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எண்ணெய்க் காகிதம், சணல் முடிச்சு எல்லாம் அப்படியே இருந்தது. அறுபத்தெட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவில் கிடந்த அந்தப் பூட்டு. அதை எப்போது எடுத்துப் பையில் போட்டார் என்று எனக்குத் தெரியாது.

முன்வரிசையில் பழைய மேனேஜர் பிக்கர்ஸ்கில், எண்பது வயது, கைத்தடியை ஊன்றி எழுந்துவந்து முடிச்சைத் தடவிப் பார்த்தார். "இது நான் போட்ட முடிச்சு" என்றார். முகம் சிவந்துவிட்டது. அதிகாரி உட்காரச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"வருஷா வருஷம் கேட்டனேய்யா ஒன்ன!"

"'எல்லாம் சரிதானே நெவில்'னு கேட்டீங்க சார். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"பூட்டுனதத்தான்யா கேட்டேன்!"

"பூட்டினியான்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கல சார்."

"அப்படி எப்படிய்யா வாயத் தொறந்து கேக்கறது? ஒன்ன நம்பலன்னு ஆயிடாதா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எல்லோர் மேலும் கோபமாக வந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. ஏன் பூட்டவில்லை என்று கேட்டார்.

"மொத வருஷம் சோம்பேறித்தனம் சார். ரெண்டாவது வருஷம், போன வருஷமே பூட்டலியேன்னு வெக்கம். அதுக்கப்பறம் பிடிக்கல."

"என்ன பிடிக்கல?"

"ஊர்க்காரங்க மூஞ்சியப் பாக்கணுமே சார். மறுநாள் அந்த வழியாத்தான எல்லாரும் வருவாங்க."

"அப்போ வாத்த வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"பண்டிகைக்குக் குடுக்கறாங்க. வேண்டாம்னா மரியாதையா இருக்காதே சார்" என்றார்.

வீடு வந்ததும் கத்தினேன். பால்ஜாடியை உடைத்தேன். "எங்க போய் நிக்கிறது? சொல்லுங்க, எங்க போய் நிக்கிறது?" என்று கேட்டேன். அவர் உடைந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, எத்தனையோ நாளைக்கப்புறம் இரண்டு தட்டு நிறையச் சாப்பிட்டார். அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது.

அவ்ரில்


டர்ஹாம்
20 நவம்பர் 1993

அவ்ரில்,

நான் நலம். வரி மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள், காகிதத்தின் நடுப்பக்கம் எனக்கு இல்லை.

உன் கடிதத்தை விடுதிக்காரப் பெண்தான் படித்துக் காட்டினாள். பூட்டை மேஜைமேல் வைத்த இடத்தில் அவளும் நானும் சேர்ந்து கத்தினோம். பிறகு நான் அழுதேன். வெங்காயம் ஒன்றும் இல்லை. பிறகு கோபம் வந்தது, அது இன்னும் இருக்கிறது. ஒரு மனுஷன் நிஜத்தைச் சொன்னால் அவன் வீடு போகும் என்றால், அந்த நாட்டின் கோட்டையையும் மாளிகையையும் பார்க்க நான் எதற்குப் பணம் கொடுத்தேன்? சுற்றியது போதும். இங்கே தேவாலயத்துத் தூண் ஒன்றைத் தொட்டேன், யாரும் தடுக்கவில்லை. ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே நின்றேன். அதோடு முடித்துக்கொள்கிறேன்.

வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் போங்கள். கோவன்ட்ரியில் என் பின்னறை சும்மா கிடக்கிறது. கொஞ்சம் ஈரம் கசியும், நெவில் சரிசெய்வார். பைப் மட்டும் தோட்டத்தில்தான். இதற்கு நன்றி கின்றி என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கிறிஸ்துமஸ் ஈவ் அன்று கடைசி பஸ்ஸில் சந்தை ஊர் வரைக்கும் வந்து தங்குகிறேன். மறுநாள் பஸ் ஓடாது. மிஸ் லிஸ்டரைக் காரில் வந்து பெரிய ரோட்டில் இறக்கிவிடச் சொல். அங்கிருந்து நான் நடப்பேன். சங்கிலி இருந்தால் ஏறிக் குதிப்பேன், எலும்பு முறிந்தால் கார்ஸ்டேர்ஸ் கட்டுப் போடட்டும்.

தெல்மா


ரேவன்பெக்
15 டிசம்பர் 1993

தெல்மா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன், பத்து நாளில் நேரில் பார்க்கப் போகிறேன். நீ ஏறிக் குதிக்க வேண்டாம். தீர்ப்பு வந்துவிட்டது. கன்னியர் பாதை பொதுவழி. இன்றைக்கும் என்றைக்கும். கவுன்சில் ஆள் வந்து சங்கிலியை அறுத்துவிட்டு, மரக் கைகாட்டி ஒன்றை நட்டுவிட்டுப் போனான். ஊரே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை.

அதே தபாலில் எங்களுக்கும் ஒன்று வந்தது. மார்ச் இருபத்தைந்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கார்ஸ்டேர்ஸ் மறுநாள் எதிரே வந்தார். தொப்பியைத் தூக்கினார். நான் திரும்பிக்கொண்டேன். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒருவருக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. நன்றாக இருந்தது அக்கா, இத்தனை வருஷம் நீ மட்டும் இதை அனுபவித்திருக்கிறாய்.

பாதை உனக்குக் கிடைத்தது. அது வந்து முடிகிற கொல்லையில் அடுத்த வருஷம் நாங்கள் இருக்கமாட்டோம். இதை நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும். இந்த ஒரு கிறிஸ்துமஸுக்கு நீ தட்டும்போது நான்தான் கதவைத் திறப்பேன்.

இந்த வருஷம் வாத்து கிடையாது. கோழி வாங்கியிருக்கிறேன். கால் உனக்குத்தான்.

மூன்று மணிக்கு மிஸ் லிஸ்டர் உன்னை இறக்கிவிடுவாள். மகாராணி பேசத் தொடங்கும் நேரம். நேற்று நெவில் கோட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்றேன். கிறிஸ்துமஸ் அன்று மடத்துக் கதவுக்குப் போய் உனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறாராம். "கதவு தொறந்துதான் கெடக்கு. யாரும் எதிர வரக்கூடாதுன்னு வேற சொல்லிருக்கா. அவளே தடவிக்கிட்டு வந்துருவா. மகாராணி பேச்ச விட்டுட்டு நீங்க எதுக்கு?" என்றேன்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்தக் கதவுக்குப் போறேன்னு ஒத்துக்கிட்டுத்தான வாத்து வாங்கினேன்" என்றார். "ஒரு தடவையாவது போவணும்ல."

உன் தங்கை,
அவ்ரில்